ஸ்ட்ரீமிங்: ஓடையா, தாரையா, வாளியா?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டைப் பற்றிய செய்தி ஒன்றை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தேன். "சிறிய மாநாடுகள் வடத்தைக் கைவிட்டு நீரோடைக்குப் போவதா என்று எடைபோடுகின்றன" என்று வந்தது. பொதுப்பணித் துறைச் சுற்றறிக்கை மாதிரி இருந்தது. மாநாடு, வடம், நீரோடை மூன்றும் அகராதியில் உள்ள சொற்கள்தான். ஒரே வாக்கியத்தில் சேர்ந்ததும் விளையாட்டு காணாமல் போய்விட்டது.

நான் பார்க்க நினைத்தது கடைசிச் சொல்லை, அதாவது ஸ்ட்ரீமிங்கை. மற்ற இரண்டும் அதன் காலைக் கட்டிக்கொண்டு நிற்பதால் அவற்றையும் தாண்டித்தான் போகவேண்டும்.

முதலில் 'கான்ஃபரன்ஸ்'. 'ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்' என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. கூடிப் பேசினால் மாநாடு. கல்லூரி விளையாட்டில் அது வேறு. ஒரு வட்டாரத்துக் கல்லூரிகள் தங்களுக்குள் போட்டி அட்டவணை போட்டுக்கொள்ளவும், விதிகளைப் பொதுவாக வைத்துக்கொள்ளவும் சேர்ந்த அமைப்பு அது. 1896-ல் பிறந்த பிக் டென் அவற்றில் மூத்த ஒன்று. பெயரில் பத்து என்றாலும் இன்று அதில் 18 கல்லூரிகள். என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்பின் முதல் பிரிவில் மட்டும் 350-க்கு மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. அவை முப்பத்துச் சொச்சம் கான்ஃபரன்ஸ்களில் பிரிந்து கிடக்கின்றன. இதற்குச் 'சங்கம்' என்றும் சொல்லலாம், 'கூட்டமைப்பு' என்றும் சொல்லலாம். நான் 'கூட்டணி' என்பேன். நல்ல பங்கு எங்கே கிடைக்கிறதோ அங்கே உறுப்பினர்கள் தாவுவது இந்தத் தொழிலின் தினசரி வாடிக்கை. அதைச் சொல்ல நமக்கு இதைவிடப் பழகிய சொல் கிடையாது.

அப்புறம் 'கேபிள்'. மாட்டைக் கட்டும் கயிற்றைக் குறித்த பிற்கால லத்தீன் சொல், கப்பல் வடமாகி, தந்திக் கம்பியாகி, கடைசியில் தொலைக்காட்சிக்கு வந்தது. 'கம்பிவடத் தொலைக்காட்சி' என்று கலைச்சொல் உண்டு. தேர் வடம் நினைவுக்கு வருகிற நல்ல சொல்தான். ஆனால் தமிழ்நாட்டில் அரசே நடத்துகிற சேவைக்குக்கூட 'அரசு கேபிள்' என்றுதான் பெயர். ஜெயித்துவிட்ட சொல்லோடு சண்டை போடுவதில் பயனில்லை, கேபிள் கேபிளாகவே இருக்கட்டும்.

சொல்லை விட்டாலும் அது வேலை செய்யும் விதத்தை விடமுடியாது. 1948 வாக்கில் பென்சில்வேனியா, ஓரிகன் போன்ற இடங்களில் மலை மறைத்து அலை எட்டாத ஊர்களுக்கு, உயரத்தில் ஒரு பொது ஆன்டெனாவை நட்டு அங்கிருந்து வீடுகளுக்குக் கம்பி இழுத்தார்கள். கேபிள் டிவியின் தொடக்கம் அதுதான். 1979-ல் விளையாட்டுக்கென்றே இ.எஸ்.பி.என். என்ற சேனல் வந்தது. அதன் வருமானத்தில் பெரும்பங்கு விளம்பரத்தால் வரவில்லை. கேபிள் கட்டணத்திலிருந்து மாதாமாதம் வீட்டுக்கு இவ்வளவு என்று வந்தது. விளையாட்டே பார்க்காத பாட்டியும் அதற்குப் பணம் கட்டினார். 2011 வாக்கில் அந்தச் சேனல் ஏறத்தாழ 10 கோடி அமெரிக்க வீடுகளில் இருந்தது.

அதற்கு முன்னால் 1984-ல் ஒரு தீர்ப்பு வந்தது. எந்தக் கல்லூரியின் கால்பந்து ஆட்டம் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து) எத்தனை முறை தொலைக்காட்சியில் வரலாம் என்பதை அதுவரை என்.சி.ஏ.ஏ. தன் கையில் வைத்திருந்தது. இரண்டு ஆண்டுகளில் ஆறு முறைக்கு மேல் கூடாது என்பது கணக்கு. ஒக்லஹோமா பல்கலைக்கழகம் சம்பந்தப்பட்ட வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று அந்தக் கட்டுப்பாட்டை உடைத்தது. மறுத்து எழுதிய நீதிபதி பைரன் ஒயிட் தன் கல்லூரி நாட்களில் புகழ்பெற்ற கால்பந்து வீரர் என்பது சுவையான செய்தி. தீர்ப்புக்குப் பிறகு அவரவர் ஆட்டத்தை அவரவர் விற்கலாம் என்றானது. பெரிய கூட்டணிகளிடம் சரக்கு இருந்தது, விற்றன. சிறியவற்றுக்கு மிஞ்சிய நேரம்தான் கிடைத்தது.

இங்கே ஒரு சொல்லை நிறுத்திப் பார்க்கவேண்டும். சேனல் என்பதே வாய்க்கால்தான். கால்வாய் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்துதான் அது பிரிந்தது. நாம் 'அலைவரிசை' என்று மொழிபெயர்த்ததில் அந்த நீர் வற்றிவிட்டது. வாய்க்கால் என்று வைத்துப் பார்த்தால் கேபிள் உலகம் தெளிவாகப் புரியும். ஒரே வாய்க்கால், ஒரு நாளில் ஓடுவது 24 மணி நேர நீர். சனிக்கிழமை மதியமும் இரவும் தலைமடைக்காரர்கள் பாய்ச்சிக்கொள்கிறார்கள். கடைமடைக்கு நீர் வரும்போது செவ்வாய் இரவாகியிருக்கும். மிகையாகச் சொல்லவில்லை. ஒஹாயோ, மிச்சிகன் பக்கத்து மிட்-அமெரிக்கன் கூட்டணி 2014-ல் இ.எஸ்.பி.என்.-உடன் 13 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. அந்தக் கூட்டணியின் கால்பந்து ஆட்டங்கள் நவம்பரில் செவ்வாய், புதன் இரவுகளில் நடக்கின்றன. குளிரில் பாதி காலியான அரங்கு. ஆனால் அந்த நேரத்தில் டிவியில் வேறு கல்லூரிக் கால்பந்து கிடையாது. நாடு முழுக்கப் பெயர் தெரிகிறது, சொந்த ஊர்க்காரர்தான் மறுநாள் வேலைக்குப் போகவேண்டும் என்று ஆட்டத்துக்கு வருவதில்லை.

சொந்தமாக வாய்க்கால் வெட்டிப் பார்த்தவர்களும் உண்டு. மவுண்டன் வெஸ்ட் கூட்டணி 2006 செப்டம்பரில் தனக்கென்றே ஒரு கேபிள் சேனலைத் தொடங்கியது. ஒரே கூட்டணிக்கென்று வந்த முதல் சேனல் அது. பிக் டென்னே அடுத்த ஆண்டுதான் தொடங்கியது. ஆனால் வாய்க்காலை வெட்டினால் போதாது, எல்லா வயலுக்கும் மடை வைக்க மற்றவன் சம்மதிக்க வேண்டும். தொடக்கத்தில் பெரிய செயற்கைக்கோள் நிறுவனங்கள் அதை எடுக்கவில்லை. ரசிகர்கள் சொந்த அணியைப் பார்க்கமுடியாமல் புலம்பினார்கள். யூட்டா, பிரிகாம் யங், டெக்சாஸ் கிறிஸ்டியன் ஆகிய வலுவான கல்லூரிகள் ஒவ்வொன்றாக விலகின. 2012 மே 31-ல் சேனலை மூடினார்கள்.

சரி, இப்போது ஸ்ட்ரீமிங்.

'ஸ்ட்ரீம்' பழைய ஆங்கிலத்திலேயே ஓடுநீரைக் குறித்த சொல். கணினிக்கு வந்தபோது அது படத்தையோ பாட்டையோ குறிக்கவில்லை. காந்த நாடாக் கருவிகள் விட்டுவிட்டு ஓடாமல் ஒரே சீராக ஓடித் தரவைப் பதிந்ததை அப்படிச் சொன்னார்கள். ஒலி, ஒளிக்கு அது ஒட்டிக்கொண்டது 1990-களில். 1995-ல் ரியல் ஆடியோ என்ற மென்பொருள் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் சியாட்டில், நியூயார்க் அணிகளின் பேஸ்பால் ஆட்டத்தின் வானொலி வர்ணனையை இ.எஸ்.பி.என். தளம் இணையத்தில் நேரடியாக ஓடவிட்டது. ஆக, இணையத்தில் ஓடிய முதல் சில நேரடி நிகழ்ச்சிகளில் ஒன்று விளையாட்டுத்தான்.

பொருள் இதுதான்: கோப்பு முழுவதும் வந்துசேரும்வரை காத்திருக்காமல், வந்த பகுதியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த பகுதி வருவது. முழுவதையும் இறக்கிவைத்துப் பார்த்தால் அது பதிவிறக்கம்.

உண்மையில் உள்ளே ஓடை ஒன்றும் ஓடுவதில்லை. இன்றைய முறையில் காட்சியைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் பல தரங்களில் செய்து சர்வரில் வைக்கிறார்கள். உங்கள் கைபேசி, 'அடுத்ததைக் கொடு, அடுத்ததைக் கொடு' என்று கேட்டு வாங்குகிறது. நெட் மெதுவானால் தரம் குறைந்த துண்டைக் கேட்கும். கமலையில் சால் சாலாக நீர் இறைப்பதுதான் இதற்குச் சரியான உவமை. சால் வரத் தாமதமானால் 'சுத்திக்கிட்டே இருக்கு' என்கிறோமே, அது. துண்டாகி, சேமித்து, அனுப்பி வருவதால் நேரடி ஆட்டம் கேபிளைவிடப் பல நொடிகள் பிந்தியே வரும். பக்கத்து வீட்டில் கத்தியபிறகு உங்கள் திரையில் கோல் விழும்.

ஒளிபரப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. 'பிராட்காஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல் உழவரிடமிருந்து வந்தது. கையால் விதையை வீசித் தூவுவது. 'பரப்பு' என்று தமிழில் வைத்தது அதற்கு அழகாகவே பொருந்தியது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் பெயரிலேயே நிலைத்துவிட்ட சொல். தூவினால் ஒருவர் எடுத்தாலும் கோடிப் பேர் எடுத்தாலும் தூவியவருக்குச் செலவு ஒன்றுதான். ஸ்ட்ரீமிங்கில் அப்படியில்லை. பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி தனியாகப் போகிறது. ஆள் கூடக்கூடச் செலவும் கூடும். அதனால்தான் சில ஆயிரம் பேர் மட்டும் பார்க்கிற சிறிய கூட்டணிக்கு அது கட்டுப்படியானது. நேரமும் நெருக்கடியில்லை: ஒரே மாலையில் கைப்பந்து, கால்பந்து, பெண்கள் கூடைப்பந்து மூன்றையும் மூன்று தனி இழைகளாக ஓட்டலாம். வாய்க்கால் முறை காத்திருக்க வேண்டியதில்லை. அவரவர் தோட்டத்தில் அவரவர் போர் போட்டுக்கொண்ட மாதிரி.

அதனால் 'இணைய ஒளிபரப்பு' என்ற வழக்கு புரிகிறது என்றாலும் சரியில்லை என்பேன். பரப்பாத ஒன்றைப் பரப்பு என்கிறது. 'நேரலை' அழகான சொல். ஆனால் அது 'லைவ்' என்பதற்குத்தான் ஈடு. நேற்றைய ஆட்டத்தை இன்று ஓடவிட்டாலும் ஸ்ட்ரீமிங்தான், நேரலை இல்லை. 'ஓ.டி.டி.' நம் ஊரில் புழங்குவதுபோல அமெரிக்க விளையாட்டுச் செய்தியில் அவ்வளவாகக் கண்ணில் படாது. கேபிள்காரரின் பெட்டிக்கு 'மேலாக', அவரைத் தாண்டி வருவது என்பது அதன் கருத்து. அது வழியைச் சொல்கிறது, ஓடும் விதத்தைச் சொல்லவில்லை.

மிஞ்சுவது தாரையும் ஓடையும். தாரை என்றால் இடைவிடாத ஒழுக்கு. கண்ணீர் தாரை தாரையாக வழிவது எல்லோருக்கும் தெரியும். வடமொழி வழி வந்தது என்பதற்காக நான் அதை ஒதுக்கவில்லை. 'ஆட்ட உரிமையைத் தாரைக்குக் கொடுத்தார்கள்' என்று எழுதிப் பாருங்கள். தாரை வார்த்துவிட்டார்கள் என்றுதான் படிப்பவர் காதில் விழும். சில ஒப்பந்தங்களைப் பார்த்தால் அதுவும் பொருத்தம்தான் என்பது வேறு விஷயம்.

என் வாக்கு ஓடைக்கு. ஓடு என்ற வினையிலிருந்து பிறந்தது. அந்த வினை ஏற்கெனவே இந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. 'தியேட்டர்ல என்ன படம் ஓடுது?' என்று கேட்காதவர் யார்? எனவே வினையாக வரும்போது புதுச் சொல்லே வேண்டாம்: ஆட்டம் இணையத்தில் ஓடுகிறது, கல்லூரியே ஓட்டுகிறது. பெயராக வரும்போது 'இணைய ஓடை', நேரடியானால் 'நேரோடை'. கமலையை நினைத்து 'இறைவை' என்று வைக்க ஆசைதான், ஆனால் படிப்பவர்கள் கிணற்றடிக்குப் போய்விடுவார்கள்.

இந்தச் சொற்களோடு பழைய செய்திக்குத் திரும்பினால் சிறிய கூட்டணிகளின் குழப்பம் பிடிபடும். மொன்டானா வட்டாரத்துப் பிக் ஸ்கை கூட்டணி 2018-ல் தன் ஆட்டங்களை இலவசமான ப்ளூட்டோ டிவியில் ஓடவிட்டது, 2021-ல் இ.எஸ்.பி.என். நடத்திய கட்டண இணையச் சேவையான இ.எஸ்.பி.என். பிளஸ்ஸுக்குப் போனது. ஹார்வர்ட், யேல் போன்றவை சேர்ந்த ஐவி லீக் கூட்டணி 2013-ல் சொந்த ஓடை வைத்திருந்தது, 2018-ல் அதுவும் அதே இடத்துக்குப் போனது. அந்தச் சேவை 2018 ஏப்ரலில் தொடங்கியபோது மாதம் 4.99 டாலர். கிழக்குக் கடற்கரையின் கொலோனியல் கூட்டணி 2019-ல் ஃப்ளோஸ்போர்ட்ஸ் என்ற சந்தா சேவைக்குப் போனபோது, மகன் ஆடுவதைப் பார்க்கக் காசா என்று பெற்றோரே முணுமுணுத்தார்கள். கேபிளில் பாட்டி கட்டிய பணத்தை இங்கே ரசிகர்தான் கட்டவேண்டும். கேமரா பிடிப்பதும் பல இடங்களில் கல்லூரியின் வேலை. மாணவர்களே கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து ஆட்டத்தை ஓட்டுகிறார்கள். ஊடகம் படிக்கிற பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சி, கல்லூரிக்குக் கூடுதல் செலவு.

பெரியவர்களே ஓடையைக் கண்டு பின்வாங்கியதும் நடந்தது. 2023 ஆகஸ்ட் தொடக்கத்தில் பசிபிக் கரையின் பேக்-12 கூட்டணிக்கு ஆப்பிள் ஒரு திட்டத்தை முன்வைத்தது. எத்தனை பேர் சந்தா கட்டுகிறார்களோ அதைப் பெரிதும் பொறுத்தே வருமானம். சில நாட்களுக்குள் ஐந்து கல்லூரிகள் கூட்டணி மாறின. முன்பே போனவர்கள், பிறகு போனவர்கள் எல்லாரையும் கழித்தால் பன்னிரண்டில் மிஞ்சியது ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டுதான்.

அந்த முதல் வாக்கியத்தை நான் இப்படி மாற்றி வைத்திருக்கிறேன்: "கல்லூரி விளையாட்டின் சிறிய கூட்டணிகள், ஆட்டங்களைக் கேபிளுக்கு விற்பதா, இணையத்தில் தாங்களே ஓட்டுவதா என்று யோசிக்கின்றன." ஓடை என்ற பெயர்கூடத் தேவைப்படவில்லை.