எண்ணெய்க் கறை படிந்த கியூஆர் கோடு எப்படி ஸ்கேன் ஆகிறது?

"எங்கள் தெரு பஜ்ஜிக் கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையில் ஒரு பக்கம் எண்ணெய்க் கறை, இன்னொரு பக்கம் கீறல். ஆனாலும் காசு சரியான ஆளுக்கே போய்ச் சேருகிறது. போன் நம்பரில் ஒரு இலக்கம் மாறினாலே வேறு யாருக்கோ அழைப்பு போகிறது. இதற்கு மட்டும் எப்படி ஒன்றும் ஆவதில்லை?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

மிக நல்ல கேள்வி. போன் கேமரா கறைக்குப் பின்னால் இருப்பதை ஊடுருவிப் பார்ப்பதில்லை. கறை படிந்த இடத்தை அது தப்பாகத்தான் படிக்கிறது. தப்பாகப் படித்ததை எங்கே, எவ்வளவு என்று கண்டுபிடித்துச் சரிசெய்வது ஒரு கணக்கு. 1960-இல் இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இரண்டு பேர் ஐந்தே பக்கக் கட்டுரையில் எழுதிவைத்த கணக்கு. இருவரும் அப்போது அமெரிக்காவின் எம்ஐடி லிங்கன் ஆய்வகத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

முதலில் அட்டையைப் பற்றிச் சுருக்கமாக. கியூஆர் கோடு 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில், மசாஹிரோ ஹாராவின் குழு உருவாக்கியது. கார் உதிரிபாகங்களை எண்ணிக் கணக்கு வைக்கத்தான் அதைச் செய்தார்கள். தொழிற்சாலை என்றால் கிரீஸும் அழுக்கும் இருக்கத்தானே செய்யும்? அதனால் அழுக்கைத் தாங்கும் குணம் பிறவியிலேயே அதற்கு உண்டு. மூன்று மூலைகளில் இருக்கும் பெரிய சதுரங்களை வைத்துக் கேமரா அட்டையைக் கண்டுபிடிக்கிறது, சாய்வை நிமிர்த்துகிறது, கறுப்பு வெள்ளைக் கட்டங்களை 1, 0 என்று படிக்கிறது. எட்டுக் கட்டம் சேர்ந்தால் ஒரு பைட், அதாவது 0 முதல் 255 வரை ஏதோ ஒரு எண். ஆக, ஒரு கியூஆர் கோடு என்பது எண்களின் வரிசை. அந்த வரிசையில் கடைக்காரரின் யூபிஐ ஐடியும் பெயரும் இருக்கின்றன. கூடவே, செய்தியில் சேராத சில எண்களும் இருக்கின்றன. கதையே அந்தக் கூடுதல் எண்களில்தான்.

ஒரு சின்ன உதாரணம் போட்டுப் பார்ப்போம். பேப்பரும் பேனாவும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் உங்களுக்கு அனுப்ப நினைக்கும் செய்தி இரண்டே எண்கள்: 3, 8. இவற்றை மட்டும் அனுப்பி, வழியில் ஒன்று மாறிவிட்டால் உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. அதனால் நம்மிடையே ஒரு விதி வைத்துக்கொள்வோம்: எப்போதும் நான்கு எண்கள் அனுப்புவேன், நான்கும் சம இடைவெளியில் இருக்கும். 3-க்கும் 8-க்கும் இடைவெளி 5. ஆகவே நான் அனுப்புவது 3, 8, 13, 18. பின்னால் உள்ள 13, 18 இரண்டிலும் புதிய செய்தி ஏதும் இல்லை. அவை காவலுக்கு வந்தவை.

வழியில் 13 மேல் கறை பட்டு 31 ஆகிவிட்டது. உங்கள் கைக்கு வந்தது 3, 8, 31, 18.

இப்போது அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தை எடுங்கள்: 5, 23, −13. விதிப்படி மூன்றும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை, சரி. இந்த வித்தியாசங்களுக்கும் வித்தியாசம் எடுங்கள்: 18, −36. எல்லாம் ஒழுங்காக வந்திருந்தால் இங்கே 0, 0 கிடைத்திருக்கும்.

இந்த 18, −36 என்ற இரண்டு எண்களைக் கொஞ்ச நேரம் பாருங்கள். எனக்கு இந்தப் பாடம் முழுவதிலும் பிடித்த இடம் இதுதான். நான் அனுப்பிய செய்தி 3, 8 ஆக இல்லாமல் 100, 250 ஆக இருந்திருந்தாலும், மூன்றாவது எண்ணில் 18 கூடிப்போயிருந்தால் இங்கே கிடைப்பது அதே 18, −36 தான். செய்தி முழுவதும் கழிபட்டுப் போய்விட்டது, பிழை மட்டும் தனியாக வெளியே வந்து நிற்கிறது!

அதோடு, பிழை தன் முகவரியையும் சொல்லிவிடுகிறது. முதல் எண் 18 கூடியிருந்தால் கிடைப்பது 18, 0. இரண்டாவது எண் கூடியிருந்தால் −36, 18. மூன்றாவது என்றால் 18, −36. நான்காவது என்றால் 0, 18. நான்கு இடத்துக்கும் நான்கு வேறு வேறு விகிதம். நமக்குக் கிடைத்தது 1-க்கு −2 என்ற விகிதம். ஆகவே மூன்றாவது எண்தான் கெட்டது, 18 கூடியிருக்கிறது. 31-இல் 18 போனால் 13. முடிந்தது. யாரையும் திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்கவில்லை, ஊகிக்கவும் இல்லை.

ஏன் இரண்டு காவல் எண்கள் வேண்டியிருந்தன என்பதும் இதிலேயே தெரிகிறது. நமக்குத் தெரியாதவை இரண்டு: எந்த இடம், எவ்வளவு. தெரியாதவை இரண்டென்றால் சமன்பாடும் இரண்டு வேண்டும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஒரு பிழைக்கு இரண்டு காவல் எண்கள், எட்டுப் பிழைக்குப் பதினாறு. எண் மாறாமல் அப்படியே அழிந்துபோய், "இந்த இடம் காலி" என்று நமக்கே தெரிந்தால், தெரியாதது ஒன்றுதான். அப்போது ஒரு காவல் எண் போதும்.

ரீடும் சாலமனும் செய்ததன் உயிர்நாடி இதுதான். சம இடைவெளி என்பது நேர்கோடு. செய்தி நீளமானால் நேர்கோட்டுக்குப் பதில் பெரிய பல்லுறுப்புக்கோவை வரும். ஆனால் கம்ப்யூட்டரில் சாதாரண எண்களை வைத்து இதைச் செய்யப் போனால் தொல்லை. கூட்டிப் பெருக்கிக்கொண்டே போனால் 255-ஐத் தாண்டிவிடும், ஒரு பைட்டில் அடங்காது. வகுத்தால் பின்னம் வரும். நமக்கு வேண்டியது 0 முதல் 255 வரை 256 எண்கள் மட்டுமே உள்ள ஓர் உலகம். அங்கே கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் ஒழுங்காக நடக்க வேண்டும், விடை ஒருபோதும் வெளியே போகக் கூடாது.

அப்படி ஓர் உலகம் இருக்கிறது. முடிவுறு களம் என்று பெயர். எவாரிஸ்ட் கலுவா என்ற பிரெஞ்சு இளைஞர் 1830-இல் இதைப் பற்றி எழுதினார். 1832-இல் ஒரு துப்பாக்கிச் சண்டையில் குண்டடிபட்டு இறந்தபோது அவருக்கு வயது 20.

அந்த உலகத்தில் கூட்டல் என்பது பிட் பிட்டாக (அதாவது 1, 0 என்ற ஒவ்வொரு கட்டமாக) ஒப்பிடுவது: இரண்டு பிட்டும் ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1. எந்த எண்ணையும் அதோடே கூட்டினால் 0 வரும், ஆகவே அங்கே கூட்டலும் கழித்தலும் ஒன்றே. பெருக்கலை 2-ஆல் பெருக்கிப் பார்த்தாலே பிடிபட்டுவிடும். 1, 2, 4, 8, 16, 32, 64, 128 என்று வழக்கம்போல இரட்டிப்பாகிக்கொண்டே போகும். அடுத்து 256 வர வேண்டும், ஆனால் இடமில்லை. அப்போது 285 என்ற எண்ணை, மேலே சொன்ன முறையில், அதோடு கூட்டிவிட வேண்டும். 29 கிடைக்கும். பிறகு 58, 116, 232, அடுத்து மறுபடி தாண்டுவதால் 285-ஐக் கூட்டி 205. இப்படியே போனால் 1 முதல் 255 வரை உள்ள ஒவ்வொரு எண்ணையும் சரியாக ஒரே ஒரு முறை தொட்டுவிட்டு, 1-க்குத் திரும்பி வரும். ஒன்றைக்கூட விடாது, எதையும் இரண்டு முறை தொடாது. எந்த எண்ணைக் கொண்டு மடக்கினாலும் இப்படி நடந்துவிடாது. 285 அதற்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட எண்.

இந்தச் சுற்றுதான் பிழையின் முகவரியைச் சொல்கிறது. கியூஆர் கோடில் காவல் பைட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் விதி இது: எல்லா பைட்டுகளையும் கூட்டினால் 0 வர வேண்டும். கடைசி பைட்டை 1-ஆல், அதற்கு முந்தையதை 2-ஆல், அதற்கும் முந்தையதை 4-ஆல் என்று சுற்று வரிசையில் பெருக்கிக் கூட்டினாலும் 0 வர வேண்டும். இதே பாணியில் இன்னும் சில கூட்டல்கள். இப்போது ஒரு பைட் கெட்டுவிட்டது என்று வையுங்கள். முதல் கூட்டலில் 0-க்குப் பதில் பிழையின் அளவு அப்படியே வரும். இரண்டாவது கூட்டலில் அதே அளவு, அந்த இடத்துக்குரிய பெருக்கெண்ணோடு வரும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் பெருக்கெண் கிடைத்துவிடும். சுற்றில் எந்த எண்ணும் இரண்டு முறை வராததால், அந்தப் பெருக்கெண் ஒரே ஒரு இடத்தைத்தான் காட்டும். நம் 18, −36 செய்த அதே வேலை.

பல பைட்டுகள் ஒரே சமயத்தில் கெட்டால் சமன்பாடுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். 26 பைட்டில் எந்த 8 கெட்டது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கப் போனால் 15,62,275 சேர்க்கைகள். வரிசை நீளமாக நீளமாக அது நினைத்தே பார்க்க முடியாத எண்ணாகிவிடும். 1960-களின் கடைசியில் எல்வின் பெர்லகாம்ப்பும் ஜேம்ஸ் மாஸ்ஸியும்தான் இந்தப் பின்னலை விரைவாக அவிழ்க்கும் வழியைத் தந்தார்கள். ரீட், சாலமனின் யோசனை உலகம் முழுக்கப் பயன்பாட்டுக்கு வந்தது அதற்கு அப்புறம்தான். 1982-இல் கடைக்கு வந்த சிடி, கீறல் விழுந்தும் பாடியது இதனால். 1986-இல் வாயேஜர் 2 விண்கலம் யுரேனஸ் பக்கத்திலிருந்து அனுப்பிய படங்களும் இந்தக் காவலோடுதான் பூமிக்கு வந்தன.

பஜ்ஜிக் கடைக்குத் திரும்புவோம். கியூஆர் கோடில் நான்கு காவல் நிலைகள் உண்டு: எல், எம், கியூ, ஹெச். ஏறக்குறைய 7, 15, 25, 30 சதவீத பைட்டுகள் கெட்டாலும் இவை தாங்கும். பக்கத்துக்கு 21 கட்டம் உள்ள ஆகச் சிறிய கோடை ஹெச் நிலையில் எடுத்தால் மொத்தம் 26 பைட். அதில் செய்திக்கு 9 தான், காவலுக்கு 17. ஆகவே 8 பைட் வரை கெடலாம். நடுவில் லோகோ வைத்த கியூஆர் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த லோகோ கோடின் ஒரு பகுதியை வேண்டுமென்றே மறைக்கிறது. காவல் எண்கள் இருக்கும் தைரியத்தில்தான் அப்படி வைக்கிறார்கள்.

பிட்டாக இல்லாமல் பைட்டாக எண்ணுவதிலும் ஒரு லாபம். எண்ணெய்த் துளி அங்கொன்று இங்கொன்றாகக் கட்டங்களைக் கெடுப்பதில்லை. விழுந்த இடத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களைச் சேர்த்துக் கெடுக்கும். ஒரு பைட்டின் எட்டுக் கட்டமும் கெட்டாலும், ஒரே ஒரு கட்டம் கெட்டாலும், கணக்கில் அது ஒரே பிழைதான். ஆனால் அந்த மூன்று மூலைச் சதுரங்களுக்கு இந்தக் காவல் கிடையாது. நடுவில் பெரிய கறை இருந்தும் ஸ்கேன் ஆகும் அட்டை, மூலையில் கொஞ்சம் கிழிந்ததும் முரண்டு பிடிப்பது அதனால்தான்.

இங்கே மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் பொறியியல் கல்லூரிப் பாடக்குறிப்புகள் பலவற்றில் இந்தப் பாடம் முடிவுறு களத்தின் இலக்கணத்தில் தொடங்கி, தேற்றம் தேற்றமாகப் போய், 16 மதிப்பெண் கேள்வியில் முடிகிறது. மாணவர்கள் மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அந்த நான்கு எண்களை முதல் நாள் கரும்பலகையில் எழுதி, ஒன்றை அழித்து மாற்றி, கண்டுபிடிக்கச் சொன்னால் போதும். தேற்றத்தை அவர்களே கேட்டு வாங்குவார்கள். ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் தளத்தில் இந்தத் துறைக்கான முழுப் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. ஆனால் தமிழில் முதன்முதலாகப் படிக்கிற பிள்ளைக்கு இப்படிக் கையைப் பிடித்து அழைத்துப்போகும் குறிப்புகள் இன்னும் நிறைய வேண்டும்.

இன்னொன்று. ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பிப்பவர்களிடம் "இதனால் உடனடிப் பயன் என்ன?" என்று கேட்கும் வழக்கம் வலுத்துக்கொண்டே வருகிறது. கலுவாவிடம் கேட்டிருந்தால் அவரால் ஒரு வரிகூட எழுதியிருக்க முடியாது. அவர் எழுதியதற்கும் ரீட், சாலமனின் கட்டுரைக்கும் இடையே 130 ஆண்டுகள். தரமணியில் கணித அறிவியல் நிறுவனத்திலும் சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகத்திலும் இன்று தூய கணிதம் செய்துகொண்டிருப்பவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்காமல் பணம் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கடைசியாக, வாசகர் கேட்காமல் விட்ட ஒன்று. கறை அளவுக்கு மீறிப் போனால் காசு தப்பான ஆளுக்குப் போய்விடுமா? அநேகமாகப் போகாது. காவல் கணக்குகள் எதிலும் விடை பொருந்தாதபோது போன் எதையும் ஊகித்துச் சொல்லாது, ஸ்கேன் ஆகாமல் நிற்கும். கடைக்காரர் புது அட்டை வாங்கி ஒட்ட வேண்டியதுதான்.

ஆனால் அட்டையின் மேல் வேறு ஒருவன் தன் கியூஆர் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனால் இந்தக் கணக்கால் எந்தப் பயனும் இல்லை. அந்த ஸ்டிக்கரில் ஒரு பைட்கூடக் கெட்டிருக்காது, எல்லாக் கூட்டலும் 0 வரும், காசு சுத்தமாக அவனுக்குப் போய்ச் சேரும். தற்செயலாக விழும் பிழையைத்தான் ரீட், சாலமன் முறை பிடிக்கும். வேண்டுமென்றே மாற்றியதைப் பிடிக்க மின்கையொப்பம் வேண்டும். அதன் கணக்கு வேறு, அதற்குத் தனிக் கட்டுரையே எழுதலாம். அதுவரை, பணம் அனுப்புமுன் திரையில் வரும் பெயரைக் கடைக்காரரிடம் ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டிவிடுங்கள்.