லிப்பிட் ப்ரொஃபைலைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்

நீமன்-பிக் டைப் சி (செல்லுக்குள் கொலஸ்ட்ரால் தேங்கும் பரம்பரை நோய்) என்று தெரிந்த பிள்ளைக்கு முட்டை, நெய், தேங்காய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கூட்டி வருகிறார்கள். போன வாரமும் ஒரு குடும்பம். "மூளையில கொலஸ்ட்ரால் சேருதுன்னாங்க டாக்டர், அதான் எண்ணெயே காட்டுறதில்ல" என்கிறார் அம்மா, பையன் எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருக்கிறான். கையில் லிப்பிட் ப்ரொஃபைல், அதாவது ரத்தக் கொழுப்புப் பரிசோதனை ரிப்போர்ட், எல்லாம் நார்மல்.

ரத்தத்தில் மொத்தக் கொலஸ்ட்ரால் பெரும்பாலும் நார்மலாகத்தான் இருக்கும்! இது சாப்பாட்டால் வருவதில்லை. செல்லுக்குள் லைசோசோம் என்ற செரிமானப் பைக்கு வந்து சேரும் கொலஸ்ட்ராலை என்பிசி2 என்ற புரதம் எடுத்து, அந்தப் பையின் சவ்வில் இருக்கும் என்பிசி1 புரதத்திடம் ஒப்படைக்க வேண்டும், அது வெளியே அனுப்ப வேண்டும். இரண்டில் ஒன்று பழுதானாலும் (அநேகமாக என்பிசி1தான்) கிடங்கு நிறைய சரக்கு, கடையில் பஞ்சம் என்ற கதைதான். இன்னொன்று, மூளை தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே தயாரித்துக்கொள்கிறது. உடல் எடையில் 2 சதவீதம்தான் மூளை, ஆனால் உடலின் கொலஸ்ட்ராலில் கிட்டத்தட்ட கால்பங்கு அங்கே இருக்கிறது. ரத்தத்தில் ஓடுவது அங்கே போவதே இல்லை. அப்புறம் நெய்யை நிறுத்தி என்ன ஆகப்போகிறது? ரத்தக் கொலஸ்ட்ராலைக் குறைக்கத் தாத்தா போடும் ஸ்டாட்டின் மாத்திரையும் இதற்கு மருந்தில்லை, தயவுசெய்து பாதி உடைத்துக் கொடுக்காதீர்கள்.

சாப்பாட்டில் கட்டுப்பாடு ஒன்று வரும், இந்த நோய்க்கு மிக்லுஸ்டாட் என்ற மருந்து கொடுக்கும்போது. வயிற்றுப்போக்கு ஆகும் என்பதால் பாலையும் சர்க்கரையையும் குறைக்கச் சொல்வோம். கொழுப்பை இல்லை.

கவனிக்க வேண்டியது வேறு. பிறந்தபோது மஞ்சள் காமாலை வாரக்கணக்கில் நீடித்ததா, மண்ணீரல் வீங்கியிருந்ததா? நன்றாகப் படித்த பிள்ளை பின்தங்குகிறதா, அடிக்கடி தடுக்கி விழுகிறதா? படி இறங்கும்போது கண்ணைக் கீழே ஓட்ட முடியாமல் தலையைக் குனிகிறதா? வாய்விட்டுச் சிரித்த மறுநொடி துவண்டு விழுகிறதா? கடைசியாகச் சொன்னதை வலிப்பு என்று மாத்திரை கொடுத்தும், பேய் என்று வேப்பிலை அடித்தும் வருடங்களை வீணடித்து வருகிறார்கள். சிலருக்கு இளமையில் மனநோய் போலவே தொடங்கும். சக மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: மேலும் கீழும் கண்ணை வேகமாக ஓட்டச் சொல்லிப் பார்க்க அரை நிமிடம் ஆகுமா?

சந்தேகம் வந்தால் இந்த நோயில் ரத்தத்தில் கூடும் ஆக்ஸிஸ்டெரால் அல்லது லைசோ-எஸ்எம்-509 என்ற பொருளின் அளவைப் பார்க்க வேண்டும், அதன்பின் மரபணுப் பரிசோதனை. முழுக் குணம் இன்னும் இல்லை, வேகத்தைக் குறைக்கலாம். 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் அரிமொக்லோமால், லெவஅசிடைல்லூசின் என்று இரண்டு மருந்துகளுக்கு அனுமதி கிடைத்தது. வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது: விழுங்கக் கஷ்டப்படுகிற பிள்ளைக்குத் தண்ணீரையும் கஞ்சியையும் கெட்டியாக்கி, நிமிர்த்தி உட்காரவைத்துக் கொடுங்கள். புரையேறி வரும் நிமோனியாதான் பல பிள்ளைகளைக் கொண்டுபோகிறது.

தாய்மாமனைக் கட்டியவர்கள், அத்தை மகனைக் கட்டியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். சொந்தத்தில் கட்டாதவர்களுக்கும் இது வரும், சொந்தம் என்றால் இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். அப்பா, அம்மா இருவரும் கடத்துபவர்களாக (தங்களுக்கு நோய் இல்லாமல் பழுதான மரபணு ஒன்றை மட்டும் வைத்திருப்பவர்களாக) இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. மூத்த பிள்ளையின் மரபணு ரிப்போர்ட் கையில் இருந்தால், அடுத்த கர்ப்பத்தில் 11ஆவது வாரம் முதலே நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்கலாம். ஐந்தாம் மாத ஸ்கேனில் தெரிந்துவிடும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள், அதில் தெரியும் என்று நம்பவே முடியாது.