டிராயரில் கிடந்தே சாகும் ஸ்க்ரூ ட்ரைவர்

கதவுக் கீல் லூஸாகி ஆடுகிறது, இரண்டு திருகை இறுக்கினால் போதும், சரி என்று டிராயரைத் திறந்து கார்ட்லெஸ் ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்து பட்டனை அழுத்தினால் ‘ர்ர்ர்’ என்று முனகி அரைச் சுற்றில் நின்றுவிடும். என் பழைய ஸ்க்ரூ ட்ரைவர் கடைசி இரண்டு வருடம் இப்படித்தான் இருந்தது. ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டால் காலையில் நாலு திருகு ஓட்டும், அடுத்த மாதம் எடுத்தால் மறுபடி மூச்சு இருக்காது. வாங்கிய நாளிலிருந்து அது நிஜமாகச் சுழன்ற நேரத்தை எல்லாம் கூட்டினால் பத்து மணி நேரம் வருமா என்பதே சந்தேகம். சும்மா கிடந்தே செத்த கருவி அது. அதனால் புதிது தேடும்போது, ஓடும்போது எவ்வளவு பலம் என்று பார்ப்பதற்கு முன்னால், கிடக்கும்போது இது என்ன ஆகும் என்று பார்க்க ஆரம்பித்தேன்.

பழசுக்குள் இருந்தது நிக்கல் காட்மியம் பேட்டரி. ஒரு செல்லுக்கு 1.2 வோல்ட், மூன்றை வரிசையாகக் கோத்தால் 3.6. இந்த வகை செல் யாரும் தொடாமலே மாதத்துக்கு 10 முதல் 20 சதவீதம் வரை சார்ஜை இழக்கும், வெயில் காலத்தில் இன்னும் வேகமாக. போதாக்குறைக்கு உள்ளே ஊசி மாதிரி நுண்ணிய உலோகப் படிகங்கள் வளர்ந்து, இரண்டு முனைகளையும் பிரித்து வைத்திருக்கும் மெல்லிய தாளைத் துளைத்து ஷார்ட் ஆக்கிவிடும். லித்தியம் அயான் செல் ஒன்றே 3.6 வோல்ட் தருகிறது, தானாக இழப்பதும் மாதத்துக்குச் சில சதவீதம்தான். 1991இல் சோனி இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2003இல் பாஷ் நிறுவனம் ஐஎக்ஸ்ஓ என்ற குட்டி ஸ்க்ரூ ட்ரைவரில் வைத்தது. இப்போது கிடைப்பவற்றில் பெரும்பாலானவை லித்தியம்தான், ஆனாலும் அட்டையில் ஒருமுறை படித்துவிடுங்கள், பழைய வகை இன்னும் முழுசாக ஒழியவில்லை.

லித்தியத்துக்கும் ஒரு வீம்பு உண்டு. ஒரு செல்லின் மின்னழுத்தம் 2.5 வோல்ட்டுக்கும் வெகுவாகக் கீழே போய் அப்படியே கிடந்தால் உள்ளிருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும், அதற்குப் பிறகு சார்ஜ் ஏற்றுவது ஆபத்து என்று பாதுகாப்புச் சர்க்யூட்டே மறுத்துவிடும். அதற்காக எப்போதும் நூறு சதவீதம் நிரப்பி, சூடான இடத்தில் வைத்தாலும் சீக்கிரம் கிழடு தட்டும். பாதி சார்ஜ், சூடில்லாத மூலை, சில மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் ஏற்றிவிடுவது, இவ்வளவு கவனிப்பு போதும். சார்ஜ் அளவு காட்டும் விளக்கு இருந்தால் இதற்கு உதவும். ஃபோன் சார்ஜரிலேயே ஏறும் மாடலாக இருந்தால் இன்னும் நல்லது, மூன்று வருடம் கழித்து இதற்கென்றே வந்த சார்ஜர் எங்கே என்று பரணைக் குடைய வேண்டாம்.

வோல்ட் கணக்கில் விற்பவர்கள் கொஞ்சம் விளையாடுவார்கள். ஒரு செல் வழக்கமாக 3.6 வோல்ட், முழு சார்ஜில் 4.2. அதனால் ஒரே செல் உள்ள கருவியை ஒருவர் 3.6 என்பார், இன்னொருவர் 4 என்பார். மூன்று செல் என்றால் 10.8 அல்லது 12, ஐந்து செல் என்றால் 18 அல்லது 20. உள்ளே இருப்பது ஒன்றுதான்.

நான் ரசித்தது கியரைத்தான். உள்ளே இருக்கும் மோட்டார் கட்டை விரல் பருமன், பலம் குறைவு, வேகமோ நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று. வேகத்தைக் கொடுத்து பலத்தை வாங்க வேண்டும். நடுவில் ஒரு சின்ன கியர், அதைச் சுற்றி மூன்று கியர்கள், அவற்றைச் சூழ்ந்து உட்புறம் பல் வெட்டிய ஒரு வளையம். சூரியனும் கோள்களும் மாதிரி இருப்பதால் கோள் கியர் என்று பெயர். வளையம் அசையாமல் நிற்க, நடுக் கியர் சுழன்றால், கோள்கள் அதைச் சுற்றி மெதுவாக வலம் வரும். நடுக் கியருக்கு 12 பல், வளையத்துக்கு 48 பல் என்று வைத்துக்கொண்டால் நடுவில் ஐந்து சுற்றுக்கு வெளியே ஒரு சுற்று. இப்படி மூன்று அடுக்கு வைத்தால் 125க்கு ஒன்று. 20,000 சுற்று 160 ஆகிவிடும், உராய்வில் போனது போக முறுக்கு விசை அதே அளவு பெருகும். எல்லாம் ஒரே அச்சில் அமைவதால் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடுகிறது.

இனி அட்டையில் போட்டிருக்கும் எண்கள். முறுக்கு விசை 4 நியூட்டன் மீட்டர், வேகம் நிமிடத்துக்கு 200 சுற்று என்று இருக்கும். 4 நியூட்டன் மீட்டர் என்றால் பத்து சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் நாலு கிலோவைத் தொங்கவிட்ட மாதிரி. இரண்டு எண்ணும் ஒரே நேரத்தில் உண்மையானால் கருவி 84 வாட் வெளியே தள்ள வேண்டும். 3.6 வோல்ட் செல்லிலிருந்து 10 ஆம்பியர் இழுத்தாலும் 36 வாட்தான், அதிலும் பாதி மோட்டாரிலும் கியரிலும் சூடாகப் போய்விடும். எப்படி இரண்டையும் எழுதுகிறார்கள் என்றால், 200 என்பது காற்றில் சும்மா சுற்றும்போது, 4 என்பது கிட்டத்தட்ட நின்றுபோகும் தருணத்தில். பொய் இல்லை, இரண்டும் ஒருநாளும் சந்திக்காது, அவ்வளவுதான்.

சரி, எவ்வளவு தேவை? சாதாரணக் கை ஸ்க்ரூ ட்ரைவரை இறுக்கிப் பிடித்துத் திருகினால் நம் மணிக்கட்டே சில நியூட்டன் மீட்டர் கொடுத்துவிடும். சுவிட்ச் போர்டு மூடியின் திருகுக்கு ஒன்றுக்கும் குறைவாகவே போதும். ஐந்து செல் ட்ரில் ஐம்பதைத் தாண்டும். மரத்தூள் பலகையில் கீல் மாட்டும்போது அதைக் கண் மூடி அழுத்தினால் ஒரு நொடியில் மரை போய், ஓட்டை பெரிதாகி, திருகு அங்கேயே சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். வீட்டு வேலையில் பலம் போதாமல் கெட்டதைவிட அதிகமாகிக் கெட்டதுதான் நான் அதிகம் பார்த்தது. அலமாரி அலமாரியாக நீங்களே மாட்டுகிறவர் என்றால் மூன்று செல் கருவி எடுங்கள். கான்கிரீட் சுவரில் ஓட்டை போடுவது இதன் வேலையே இல்லை.

அதனால்தான் நான் முதலில் தேடியது கிளட்ச். முன்பக்கம் எண்கள் போட்ட ஒரு வளையம் இருக்கும், அதைத் திருப்பினால் உள்ளே ஒரு ஸ்பிரிங் அமுங்கும். அந்த ஸ்பிரிங் சின்னச் சின்ன இரும்புக் குண்டுகளை, அசையாமல் நிற்கும் என்று சொன்னேனே அந்த வளையக் கியரின் முகத்தில் உள்ள மேடுகளுக்கு இடையே அழுத்திப் பிடித்திருக்கும். திருகு இறுகி எதிர்ப்பு கூடியதும் குண்டுகள் மேட்டில் ஏறி இறங்க, வளையம் நழுவிச் சுற்றும், ‘டக் டக் டக்’ என்று சத்தம், பிட் (திருகின் தலையில் பொருந்தும் முனை) நின்றுவிடும். குறைந்த எண்ணில் தொடங்கி, இறுக்கம் போதாவிட்டால் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள்.

அப்புறம் பிட். நாம் ஸ்டார் என்று சொல்லும் கூட்டல் குறித் தலையில் பள்ளத்தின் சுவர்கள் சரிவாக இருப்பதால் விசை கூடக்கூட பிட் தானே மேலே ஏறி வழுக்கப் பார்க்கும், திருகின் தலை மழுங்குவது இதனால்தான். வீட்டில் அதிகம் தேவைப்படுவது பிஎச்2 அளவு (பிஎச் என்றால் பிலிப்ஸ், இந்தத் தலையின் பெயர்), சின்னத் திருகுகளுக்கு பிஎச்1. பெரியதில் சின்ன பிட்டைப் போட்டு ஓட்டிவிட்டு மெஷினைத் திட்டுகிறவர்கள் உண்டு, நானும் திட்டியிருக்கிறேன். அச்சைச் சுழலவிடாமல் பிடிக்கும் அச்சுப் பூட்டு இருந்தால் பேட்டரி தீர்ந்த பிறகும் அதையே கையால் திருகலாம்.

கடைசியில் ஒரே செல், கிளட்ச், ஃபோன் சார்ஜரில் ஏறுவது என்று வாங்கினேன். கீலை மூன்றாம் எண்ணில் இறுக்கினேன், கடைசிக் கால் சுற்று கையால். பிறகு பழையதைப் பிரித்துப் பார்த்தேன். கியர் பல் ஒன்றுகூடத் தேயவில்லை, கிரீஸ் பளபளவென்று அப்படியே இருந்தது. மூன்று செல்லின் முனையிலும் வெள்ளையாகப் பொரிந்து உப்புப் பூத்திருந்தது. காட்மியம் விஷம் என்பதால் குப்பைக் கூடையில் போடாமல், மின்னணுக் கழிவில் கொடுப்பதற்காகத் தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன், அதே டிராயரில்.