மலக்குடல் கட்டிக்குள் எலும்பு உருவாவது எப்படி?

மதுரை பெரியாஸ்பத்திரி போன்ற பெரிய மருத்துவமனைகளில், புற்றுநோய்க்காக அறுவை செய்து அகற்றிய மலக்குடல் பகுதி, திசுக்களைச் சோதித்து நோயைக் கண்டறியும் நோய்க்குறியியல் ஆய்வகத்துக்கு வந்துசேரும். அங்கே அதை ஃபார்மலினில் பதப்படுத்தி, பாரஃபின் மெழுகில் பதித்து, மைக்ரோடோம் கருவியால் மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு அளவுக்கு மெல்லிய சீவல்களாக அறுப்பார்கள். மெழுகு நாடா நாடாவாக வழுக்கிக்கொண்டு வருவதுதான் வழக்கம். மிக அரிதாக, கத்தி எதன் மீதோ நறநறவென்று உரசி, சீவல் கிழிந்துபோகும். அத்தகைய திசுவை அமிலத்தில் வைத்துச் சுண்ணாம்புச் சத்தை நீக்கிவிட்டு மீண்டும் சீவிச் சாயமேற்றிப் பார்த்தால், தாறுமாறாக வளர்ந்த புற்றுச் சுரப்பிகளுக்கு நடுவே, இளஞ்சிவப்புப் பட்டைகளும் அவற்றின் குழிகளில் ஒவ்வொன்றாக அடைபட்ட செல்களும் தெரியும். அது முழுமையாக உருவான எலும்பு. லண்டனின் நோய்க்குறியியலாளர் கத்பர்ட் டியூக்ஸ் 1939-இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

செத்த திசுவில் சுண்ணாம்பு படிவது வேறு, எலும்பு உருவாவது வேறு. முன்னது வெறும் உப்புப் படிவம். பின்னது உயிருள்ள செல்கள் கொலாஜன் என்ற புரத இழைகளைப் பின்னி, அவற்றின் மீது கால்சியம் பாஸ்பேட்டை ஒழுங்காகப் படியவைக்கும் வேலை. அந்த வேலையைச் செய்பவை புற்றுச் செல்கள் அல்ல என்பதே இதில் வியப்புக்குரிய செய்தி. கட்டியைச் சூழ்ந்திருக்கும் சாதாரண இணைப்புத் திசுச் செல்களே எலும்பாக்கும் செல்களாக மாறுகின்றன.

அவற்றை மாற்றுவது எது என்பதற்கான தடயம், புற்றுநோயோடு தொடர்பில்லாத ஓர் ஆய்வில் கிடைத்தது. அமெரிக்க எலும்பு மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட், அமிலத்தால் தாது நீக்கிய எலும்புத் துண்டுகளை விலங்குகளின் தசைக்குள் வைத்தபோது, அங்கே புதிய எலும்பு உருவானதை 1965-இல் வெளியிட்டார். தாது போன பிறகும் எஞ்சியிருந்த சில புரதங்களே அதற்குக் காரணம். பாலைத் தயிராக்கும் உறைமோர் போல, சிறிதளவே இருந்தும் அவை சுற்றியுள்ள செல்களின் போக்கை மாற்றிவிடுகின்றன. பி.எம்.பி. (எலும்பு உருவாக்கும் புரதங்கள்) எனப்படும் இவற்றைச் சில மலக்குடல் புற்றுச் செல்களும் சுரக்கின்றன. அப்புரதங்கள் வந்து எட்டியதும், இணைப்புத் திசுச் செல்லுக்குள் ரன்எக்ஸ்-2 என்ற மரபணு விழித்து, எலும்பாக்கத்துக்கு வேண்டிய மற்ற மரபணுக்களை இயக்குகிறது. கட்டிக்குள் தேங்கும் சளி, செத்த திசு, அங்கு முன்பே படிந்த சுண்ணாம்பு, அழற்சி, புதிதாகக் கிளைக்கும் ரத்தக் குழாய்கள் ஆகியவை இதற்கு ஏற்ற களமாகின்றன.

இந்த எலும்பு இருப்பது பொதுவாக நோயாளிக்குத் தெரியாது, சி.டி. ஸ்கேனில் வெண்புள்ளிகளாகத் தென்படலாம். அவர் உணர்வது ரத்தப்போக்கையும் மலம் கழிக்கும் பழக்கத்தில் வரும் மாற்றத்தையும்தான். மூலம், பௌத்திரம் என்ற சுவர் விளம்பரத்தைப் பார்த்து, பரிசோதனை செய்யாமலே மாதக்கணக்கில் மருந்து சாப்பிடுவது, கட்டி வளர இடம்கொடுப்பதாகும். சிகிச்சையைத் தீர்மானிப்பது, புற்று குடல் சுவரில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, நிணநீர் முடிச்சுகளுக்கோ வேறு உறுப்புகளுக்கோ பரவியிருக்கிறதா என்பவையே; கட்டிக்குள் எலும்பு இருப்பது அல்ல.

எலும்பாக்கும் செல்களின் உட்கருக்கள் சீராக உள்ளனவா என்பதை மட்டும் நோய்க்குறியியலாளர் கூர்ந்து பார்த்தாக வேண்டும், ஏனெனில் அச்செல்களே புற்றுத்தன்மை கொண்டிருந்தால் அது வேறு நோய். அவை சீராக இருந்து, கட்டிக்குள் எலும்பு உருவாகியுள்ளது என்று மட்டும் அறிக்கை சொன்னால், புற்று எலும்புக்குப் பரவிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.