ட்ரான்ஸ்பரன்சி: கணினித் திரையில் இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

விண்டோஸ் 11-இல் அமைப்புகளைத் திறந்து வண்ணங்கள் பக்கத்துக்குப் போனால் ‘ட்ரான்ஸ்பரன்சி எஃபெக்ட்ஸ்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அணைத்ததும் டாஸ்க்பாரும் ஸ்டார்ட் மெனுவும் பின்னால் இருப்பதைக் காட்டாமல் ஒரே நிறத்துக்கு வந்துவிடும். மேக்கில் இதே வசதி, பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான அமைப்புகளோடு ‘ரெடியூஸ் ட்ரான்ஸ்பரன்சி’ என்ற பெயரில் இருக்கிறது.

தமிழாக்கும்போது முதலில் ஒதுக்க வேண்டியது ‘வெளிப்படைத்தன்மை’. அரசு டெண்டரையும் தேர்தல் நிதியையும் பற்றிப் பேச அது நல்ல சொல். ஆனால் ‘வெளிப்படைத்தன்மையைக் குறை’ என்று திரையில் வந்தால், கணினி எதையோ நம்மிடமிருந்து ஒளிக்கப் போகிறது என்றுதான் தோன்றும்.

அடுத்தது பள்ளி அறிவியல் பாடம் தந்தவை: ஒளிபுகும் பொருள், ஒளிகசியும் பொருள், ஒளிபுகாப் பொருள். கண்ணாடி, எண்ணெய் தடவிய தாள், மரப்பலகை என்று எடுத்துக்காட்டுகள்கூட நினைவிருக்கும். இயற்பியலுக்கு இவை கச்சிதம். திரையில்தான் சிக்கல். அங்கே ஒரு ஜன்னலுக்குப் பின்னால் இன்னொன்று உண்மையில் இல்லை. எந்த ஒளியும் எதற்குள்ளும் புகுவதில்லை. ஒவ்வொரு புள்ளியின் நிறமும் கணக்குப் போட்டு வருவது. அந்தக் கணக்கில் வரும் எண்ணுக்கு ஆல்பா என்று பெயர். ஆல்பா 0.8 என்றால் நூற்றுக்கு முன்னால் இருப்பதன் நிறத்தில் 80 பங்கு, பின்னால் இருப்பதில் 20 பங்கு, அவ்வளவுதான். 1970-களின் கடைசியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் ஆல்வி ரே ஸ்மித்தும் எட் கேட்மல்லும் இதை உருவாக்கினார்கள். 1984-இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் படங்களை அடுக்கும் விதிகளாக விரித்து எழுதினார்கள்.

மூலச்சொல்லிலும் ஒளி இல்லை. லத்தீனில் ‘ட்ரான்ஸ்’ என்றால் ஊடாக, ‘பாரேரே’ என்றால் தோன்றுதல், தெரிதல். ஒளி வருவது ‘ட்ரான்ஸ்லூசன்ட்’ என்ற சொல்லில்தான். அதன் ‘லூசேரே’ ஒளிர்தல். ஆக ட்ரான்ஸ்பரன்சி என்பது ஊடாகத் தெரிவது. இலங்கைத் தமிழில் ‘ஊடுகாட்டும்’ என்ற சொல் வழங்குகிறது. அது இன்னும் நெருக்கம். ‘அடுத்தது காட்டும் பளிங்கு’ என்று குறள் சொல்வதும் இதே வினைதான். திரைக்கு என் பரிந்துரை ‘ஊடுதெரிவு’. ‘ஊடுதெரிவைக் குறை’ என்று பொத்தானில் எழுதினால் விளக்கம் கேட்காமலே புரியும்.

பின்னால் இருப்பதை எவ்வளவு மறைக்கிறது என்று சொல்லும் ‘ஒப்பாசிட்டி’யை இதனோடு குழப்பக் கூடாது. நிழல் படிந்தது என்று பொருள்படும் ‘ஒப்பாக்குஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அளவு நேர் எதிர்: ஒப்பாசிட்டி 80 சதவீதம் என்றால் ஊடுதெரிவு 20. நகர்த்தும் பட்டையில் பெயரை மாற்றிப் போட்டால் பயனர் கூட்ட நினைத்துக் குறைப்பார். இதற்கு ‘மறைப்பு அளவு’ போதும்.

பெயர் ட்ரான்ஸ்பரன்சி என்றாலும், பல இடங்களில் பார்ப்பது ஒளிகசிவுதான். 2007-இல் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவின் ‘ஏரோ கண்ணாடி’ ஜன்னல் தோற்றம், பின்னால் இருப்பதை மங்கலாக்கியே காட்டியது. விண்டோஸ் 11-இல் ஜன்னல்களுக்குப் பின்னணியாக வரும் மைக்கா இன்னும் ஒரு படி தள்ளி: டெஸ்க்டாப் படத்தின் சாயலை மட்டும் எடுத்துப் பூசிக்கொள்ளும், பின்னால் திறந்திருக்கும் ஜன்னல் எதுவும் தெரியாது. அதை ஊடுதெரிவு என்றே சொல்ல முடியாது.

அணைக்கும் உரிமை பெரும்பாலும் கேட்டுத்தான் கிடைத்திருக்கிறது. 2007-இல் ஆப்பிளின் மேக் இயங்குதளமான லெபர்டு, திரையின் மேல்பட்டையை ஊடுதெரியச் செய்தது. எழுத்து படிக்க முடியவில்லை என்று ஒரே புலம்பல். 2008 பிப்ரவரியில் வந்த 10.5.2 பதிப்பில் அணைக்க ஒரு பெட்டி வைத்தார்கள். 2025-இல் ஆப்பிளின் கண்ணாடி போன்ற புதிய திரைத் தோற்றமான லிக்விட் கிளாஸ் வந்தபோதும் அதே கதை. சில வாரங்களில் ஆப்பிள் இயங்குதளங்களின் 26.1 பதிப்பில் ‘கிளியர்’, ‘டின்டட்’ என்று இரண்டு தெரிவுகள். தமிழில் ‘தெளிவு’, ‘சாயம்’ என்று வைக்கலாம். ஆனால் ‘தெளிவு’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் எழுத்து தெளிவாகத் தெரியும் என்று ஒருவர் நம்பிவிடுவார், நடப்பது நேர்மாறு. அதனால் ‘கூடுதல் ஊடுதெரிவு’, ‘குறைந்த ஊடுதெரிவு’ என்றே போட்டுவிடலாம்.