குளோபோட்ரங்கானா ஆர்கா: சொல் விளக்கம்

கிரெட்டேசியக் காலத்தின் பிற்பகுதியில் கடலில் மிதந்து வாழ்ந்து, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போன ஓர் ஒற்றைச் செல் உயிரியின் அறிவியல் பெயர் இது. மிதவை ஃபோராமினிஃபெரா என்ற கூட்டத்தைச் சேர்ந்தது. இன்று நமக்குக் கிடைப்பது அதன் சுண்ணாம்பு ஓடு மட்டும்தான், அதுவும் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் அகலத்தில்.

இதற்குத் தமிழில் என்ன என்று கேட்டால் என் பதில் இரண்டு பங்காக வரும். பெயரைத் தமிழாக்க வேண்டாம். ஆனால் இந்த உயிரியை அடையாளம் காண உதவும் உறுப்புகளின் பெயர்களைத் தமிழிலேயே சொல்லலாம், சொல்லவும் வேண்டும். பெரும்பாலானவற்றுக்குப் புதுச்சொல் கூடத் தேவையில்லை, பழைய சொற்களே கைவசம் இருக்கின்றன.

முதலில் கூட்டத்தின் பெயர். லத்தீனில் ஃபோராமென் என்றால் துளை, ஃபெர்ரே என்றால் சுமத்தல். 1826-இல் இந்தப் பெயரை வைத்தவர் பிரெஞ்சு இயற்கையியலாளர் அல்சீட் டோர்பினி. கணவாய், நாட்டிலஸ் போன்ற தலைக்காலிகளின் குட்டி உறவினர்கள் இவை என்று அவர் நினைத்தார். நாட்டிலஸ் ஓட்டில் அறைக்கு அறை ஒரு குழாய் ஓடும். இவற்றில் குழாய் கிடையாது, அறையிலிருந்து அறைக்குப் போக வெறும் துளைதான். அந்த வேறுபாட்டைச் சொல்லத்தான் 'துளை சுமப்பவை' என்ற பெயர். ஒன்பதே ஆண்டில், 1835-இல், ஃபெலிக்ஸ் துஜார்தென் உயிருள்ளவற்றை ஆராய்ந்து, இவற்றுக்கும் தலைக்காலிகளுக்கும் ஒட்டுறவு இல்லை, இவை மிக எளிய உயிரிகள் என்று காட்டினார். வகைப்பாடு கவிழ்ந்தது, பெயர் நின்றுவிட்டது.

ஆக, பெயரில் இருக்கும் துளை ஓட்டின் வெளிச்சுவரில் காணப்படும் நுண்துளை அல்ல, அறைகளுக்கு இடையிலான வாசல். இதைக் கவனிக்காமல் 'துளையுடலி' என்று மொழிபெயர்த்தால் இரட்டைத் தொல்லை. பொருள் தவறுவது ஒன்று. அந்தச் சொல்லைப் பள்ளிப் பாடநூல்கள் ஏற்கெனவே கடற்பஞ்சுகளுக்குக் கொடுத்துவிட்டன என்பது மற்றொன்று. எனக்குப் பொருத்தமாகப் படுவது 'புழை'. துளை என்றும் பொருள், நுழைவழி, சிறுவாசல் என்றும் பொருள். யானையின் துதிக்கைக்குப் புழைக்கை என்று பெயர். வீட்டின் பின்வாசலைப் புழைக்கடை என்கிறோம், பேச்சில் புழக்கடை. அறைக்கு அறை வாசல் வைத்துக் கட்டிக்கொண்டே போகும் இந்த உயிரிக்குப் 'புழையறை உயிரி' என்பது கச்சிதமாக உட்காரும். அன்றாடப் பேச்சில் புவியியலாளர்கள் ஃபோரம் என்று சுருக்கிச் சொல்வார்கள், அதிலும் தப்பில்லை.

இனி உயிரியின் பெயர். இதை முதலில் விவரித்தவர் ஜோசப் குஷ்மன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஷாரன் என்ற ஊரில், வீட்டருகே சொந்தமாக ஆய்வுக்கூடம் கட்டி வாழ்நாள் முழுதும் ஃபோரம்களையே பார்த்துக்கொண்டிருந்தவர். கிழக்கு மெக்சிகோவின் மெண்டெஸ் களிப்பாறையிலிருந்து வந்த மாதிரிகளில் கண்டு, 1926-இல் புல்வினுலினா ஆர்கா என்று பெயரிட்டார். மறு ஆண்டே குளோபோட்ரங்கானா என்ற புதுப் பேரினத்தை உருவாக்கி, இதை அதற்கு மாற்றினார். இன்று முறைப்படி எழுதும்போது 'குளோபோட்ரங்கானா ஆர்கா (குஷ்மன், 1926)' என்று ஆள்பெயரும் ஆண்டும் அடைப்புக்குள் போவது இதனால்தான்: முதலில் வைத்த பேரினம் இது அல்ல, பிறகு மாறியது என்பதற்கு அந்த அடைப்பு அடையாளம். சிலர் அலங்காரம் என நினைத்து அடைப்பை எடுத்துவிடுகிறார்கள். எடுத்தால் வரலாறே மாறிப்போகும்.

குளோபஸ் என்றால் உருண்டை. ட்ரங்காட்டுஸ் என்றால் தறிக்கப்பட்டது, நுனி வெட்டப்பட்டது. ஆர்கா என்றால் பெட்டி, பேழை. சேர்த்தால் 'தறியுருண்டைப் பேழை' என்று ஒன்று கிடைக்கும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எந்தப் பயனும் இல்லை. உயிரியல் பெயர் விவரணை அல்ல, ஒரு குறிப்பிட்ட மூல மாதிரியோடு கட்டிவைத்த சீட்டு. பொருள் பொருந்தவில்லை என்பதற்காகப் பெயரை மாற்ற முடியாது. இங்கேயே வேடிக்கை ஒன்று உண்டு: பக்கவாட்டில் பார்த்தால் அச்சு அசல் பெட்டிபோல இருப்பது ஆர்கா அல்ல, அதன் உறவான குளோபோட்ரங்கானா லின்னெயானா. அதை 1839-இல் டோர்பினி கியூபாவின் கடற்கரை மணலிலிருந்து விவரித்தார். பழைய பாறை அரித்து மணலோடு கலந்த கிரெட்டேசிய ஓடு அது.

சரி, அடையாளம் காண்பது எப்படி? களிப்பாறையை ஊறவைத்துக் கரைத்து, 63 மைக்ரான் சல்லடையில் கழுவி, உலர்த்தி, நுண்ணோக்கியின் கீழ் ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வோர் ஓடாகப் பொறுக்கிக் கருப்புத் தட்டில் வைப்பார்கள். பிறகு மூன்று பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பார்த்துப் பெயர் சொல்வது இந்தத் தொழிலில் செல்லாது.

இந்த ஓட்டுக்கு அறிவியலில் 'டெஸ்ட்' என்று பெயர். இங்கே அதற்குப் பரிசோதனை என்ற பொருள் இல்லை. லத்தீனின் டெஸ்டா, அதாவது சுட்ட மண்கலம், கூரை ஓடு, சிப்பி ஓடு. தமிழில் 'ஓடு' என்ற சொல்லும் இதே மூன்றையும் குறிக்கிறது. மொழிபெயர்ப்பாளருக்கு இப்படி ஒரு யோகம் எப்போதாவதுதான் அடிக்கும்.

ஒரு பக்கத்தில் எல்லாச் சுற்றுகளும் தெரியும், அது புரிப்பக்கம். கடைசிச் சுற்றில் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு அறைகள். அறைகளைப் பிரிக்கும் பொருத்துக்கோடுகள் மேலெழுந்து, மணி கோத்தாற்போல் இருக்கும். திருப்பினால் கடைசிச் சுற்று மட்டும் தெரியும். நடுவில் ஒரு குழி. லத்தீனில் அதற்கு உம்பிலிக்கஸ், நமக்குக் கொப்பூழ். ஓட்டின் வாய் இந்தக் கொப்பூழுக்குள் திறக்க வேண்டும், அதன்மேல் மெல்லிய கூரைத் தகடுகள் கவிந்திருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் பேரினம் குளோபோட்ரங்கானா. வாய் கொப்பூழைத் தாண்டி வெளிவிளிம்பு நோக்கி நீண்டால் அது மார்ஜினோட்ரங்கானா, இதற்கு முந்திய காலத்தது. ஏட்டில் எளிதாக இருக்கிறது. நடைமுறையில் கொப்பூழ் முழுக்க மண் அடைத்துக்கொண்டிருக்கும், தகடும் உடைந்திருக்கும். அப்போது மற்ற அடையாளங்களை நம்ப வேண்டியதுதான்.

அவற்றில் முதன்மையானது ஓட்டின் விளிம்பைச் சுற்றி ஓடும் வரம்பு. லத்தீனில் கரீனா, கப்பலின் அடிக்கட்டை. விளிம்பு, முகடு என்றெல்லாம் எழுதிப் பார்க்கலாம், ஆனால் கப்பலின் அந்தக் கட்டைக்குத் தமிழில் 'ஏரா' என்று தனிப்பெயரே இருக்கிறது. அதை விடுவானேன்? ஒற்றை ஏரா இருந்தால் குளோபோட்ரங்கானிட்டா என்ற உறவுப் பேரினத்தின் பக்கம் தேட வேண்டும். ஆர்காவுக்கு இரண்டு ஏராக்கள், நன்றாக விலகி, கடைசி அறை வரை ஓடும். இடையில் தட்டையான பட்டை. விளிம்பிலிருந்து பார்த்தால், இரண்டு சாப்பாட்டுத் தட்டுகளை வாய்க்கு வாய் வைத்து இடையில் ஒரு வளையம் செருகியது போல இருபுறமும் மிதமாகப் புடைத்திருக்கும். இருபுறமும் தட்டையானால் லின்னெயானா. புரிப்பக்கம் தட்டையாகவும் கொப்பூழ்ப் பக்கம் வீங்கியும் இருந்தால் வென்ட்ரிகோசா. இவற்றுக்கு இடைப்பட்ட ஓடுகளும் தாராளமாக வரும். அங்கே ஒருவர் ஆர்கா என்பதை இன்னொருவர் வேறாகச் சொல்வார். எல்லைக்கோட்டை நாம்தான் போட்டோம், அந்த உயிரி போடவில்லை.

சுண்ணாம்புப் பாறை கெட்டியாக இருந்தால் ஓட்டைத் தனியே எடுக்க வழியில்லை. பாறையை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிதாகத் தேய்த்து, ஓட்டின் குறுக்குவெட்டைப் பார்ப்பார்கள். அங்கே இரண்டு ஏராக்களும் விளிம்பில் இரண்டு மூலைகளாகத் தெரியும். அந்த நிலையில் கிட்டத்தட்ட முழு முடிவும் விளிம்பு வடிவத்தை வைத்துத்தான்.

சொல்லாக்கத்தில் ஒரு கண்ணி மட்டும் இருக்கிறது. ஓடு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதும் ஓர் அடையாளம். உடனே வலம்புரி, இடம்புரி என்று கை தானாக எழுதும். எழுதக் கூடாது. நம் வலம்புரிச் சங்கை விலங்கியலார் இடச்சுற்று என்பார்கள். அவர்கள் சங்கின் உச்சியை மேலே வைத்து, வாய் எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்க்கிறார்கள், நம் மரபில் பிடிப்பது அதற்குத் தலைகீழ். அதனால் வலச்சுற்று, இடச்சுற்று என்று புதிதாகவே வைத்துக்கொள்வது நல்லது. புரிப்பக்கத்திலிருந்து பார்க்கையில் அறைகள் கடிகார முள் திசையில் கூடிக்கொண்டே போனால் வலச்சுற்று. இது சின்ன விஷயம் இல்லை. இன்றும் வாழும் நியோகுளோபோகுவாட்ரினா பாக்கிடெர்மா துருவக் கடலில் பெரும்பாலும் இடச்சுற்று. அதன் வலச்சுற்று வடிவம் எனக் கருதப்பட்டது, மரபணு ஆய்வுக்குப் பின் இன்காம்ப்டா என்ற தனிச் சிற்றினமாகப் பிரிந்தது; அது வாழ்வது சற்று வெதுவெதுப்பான கடலில். சொல் மாறினால் குளிர்கடல் வெதுவெதுப்பான கடலாகிவிடும்.

குளோபோட்ரங்கானா நமக்குத் தூரத்து உயிரி அல்ல. அரியலூர்ப் பகுதியின் கிரெட்டேசியப் பாறைகளிலிருந்து இந்தப் பேரினம் பதிவாகியிருக்கிறது. காவிரிப் படுகையில் எண்ணெய்க் கிணறு தோண்டும்போதும், துரப்பணத் தூளில் வரும் ஃபோரம்களை வைத்துப் பாறையின் வயதைக் கணிக்கிறார்கள்.

எழுதும் முறை பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் பேரினம், சிற்றினம் என்பதை இலங்கைப் பாடநூல்கள் சாதி, இனம் என்கின்றன. எதை எடுத்தாலும் கட்டுரை முழுக்க அதையே வைத்துக்கொள்ளுங்கள். 'கு. ஆர்கா' என்று சுருக்க வேண்டாம். குளோபிஜெரினாவும் கு.தான், குளோபோட்ரங்கானிட்டாவும் கு.தான்.