ஷார்ட் லைன்: 'குறுகிய ரயில் பாதை' அல்ல

ரயில்வே பற்றிய மொழிபெயர்ப்புகளில் 'குறுகிய ரயில் பாதை' என்ற தொடர் அடிக்கடி கண்ணில் படுகிறது. மூலத்தில் இருப்பது ஷார்ட் லைன். வருமானம் குறைந்த சிறிய ரயில்வே கம்பெனியையும் அது நடத்தும் பாதையையும் அமெரிக்காவில் அப்படிச் சொல்கிறார்கள். சமீபத்தில் அமெரிக்காவையும் கனடாவையும் இணைக்கும் செயின்ட் லாரன்ஸ் அண்ட் அட்லாண்டிக் பாதையைப் பற்றிய குறிப்பு ஒன்றில் 'எல்லை தாண்டிய குறுகிய ரயில் பாதை' என்றே போட்டிருந்தார்கள். ஐந்தே சொல்தான். அதற்குள் இரண்டு பிழை.

சொல் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஷார்ட் என்பது பழைய ஆங்கிலச் சொல், நீளம் குறைந்தது என்று பொருள். லைன் லத்தீனிலிருந்து வந்தது. ஆளிச்செடி நாரில் திரித்த நூலுக்கு அங்கே லினியா என்று பெயர். நூல் பிடித்துப் போட்ட கோடு, பிறகு பாதை, பிறகு அந்தப் பாதையை நடத்தும் கம்பெனி என்று பொருள் விரிந்தது. கப்பல் கம்பெனிகளின் பெயரில் லைன் என்று வருவதும் இந்தக் கடைசிப் பொருளில்தான். ஷார்ட் லைனிலும் இதுதான் முக்கியம். மொழிபெயர்ப்பவர்கள் தவறவிடுவதும் இதைத்தான்.

இப்போது 'குறுகிய'. தமிழில் இந்தச் சொல் நீளத்துக்கும் வரும், அகலத்துக்கும் வரும். குறுகிய காலம் என்றால் நீளம். குறுகிய சந்து என்றால் அகலம். பாதை, தெரு, வாசல் என்று எதன் முன்னால் போட்டாலும் காதில் விழுவது அகலம்தான். 'குறுகிய தெரு' என்று கேட்டு, நீளம் குறைந்த தெரு என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ரயில் விஷயத்திலோ இன்னும் சிக்கல். தண்டவாளங்களுக்கு இடையே உள்ள இடைவெளியை வைத்து அகலப் பாதை, மீட்டர் கேஜ், குறுகிய பாதை என்று ஏற்கெனவே பிரித்துப் பேசுகிறோம். ஆகவே 'குறுகிய ரயில் பாதை' என்று படிப்பவர் மனதில் மலைமேல் ஏறும் சின்ன ரயில் வந்து நிற்கும்.

செயின்ட் லாரன்ஸ் பாதைக்கு இந்தப் பெயர் எவ்வளவு அநியாயம் என்பது அதன் வரலாறு தெரிந்தால் புரியும். குளிர்காலத்தில் செயின்ட் லாரன்ஸ் ஆறு உறைந்துவிடும், கனடாவின் மான்ட்ரியல் நகரத்துக்குக் கப்பல் வராது. உறையாத துறைமுகம் ஒன்று அந்த நகரத்துக்குத் தேவைப்பட்டது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் போர்ட்லாந்தும் பாஸ்டனும் போட்டி போட்டன. 1845 பிப்ரவரியில் போர்ட்லாந்து வழக்கறிஞர் ஜான் பூர் பனிப்புயலுக்கு நடுவே சறுக்கு வண்டியில் மான்ட்ரியல் போய்ச் சேர்ந்து, தன் ஊருக்காக வாதாடினார். வணிகர்கள் போர்ட்லாந்து பக்கம் சாய்ந்தார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு கம்பெனி, அந்தப் பக்கம் ஒரு கம்பெனி. இரண்டும் போட்ட தண்டவாளங்கள் 1853 ஜூலையில் வெர்மான்ட் மாநிலத்தின் ஐலண்ட் பாண்ட் என்ற ஊரில் சந்தித்தன.

அந்தத் தண்டவாளங்களின் இடைவெளி 5 அடி 6 அங்குலம், அதாவது 1,676 மில்லிமீட்டர். பாஸ்டன் ரயில்களின் 1,435 மில்லிமீட்டரிலிருந்து வேண்டுமென்றேதான் மாறுபட்டு அமைத்தார்கள். சரக்கு பாஸ்டன் பக்கம் நழுவிப் போகக் கூடாது என்ற கணக்கும் அதில் உண்டு. 1870-களில்தான் அதை 1,435-க்கு மாற்றினார்கள். இந்தியாவில் நாம் அகலப் பாதை என்று சொல்வதும் இதே 1,676 மில்லிமீட்டர்தான். அகலப் பாதையாகப் பிறந்த ஒன்றைத் தமிழில் 'குறுகிய பாதை' ஆக்கி வைத்திருக்கிறோம்!

சரி, 'குறுகிய' வேண்டாம், 'குறுந்தடம்' என்று வைக்கலாமே என்பார்கள். 'குறும்பாதை' என்றும் சிலர் எழுதுகிறார்கள். தனித்தமிழ் அன்பர்கள் 'குறுந்தொடரித்தடம்' வரை போவார்கள். இவை காதுக்கு நன்றாகத்தான் இருக்கின்றன. தமிழில் சொல் ஆக்குவதற்கு நான் எதிரி இல்லை. ஆனால் சொல் தூய்மையாக இருந்து பொருள் தவறாக இருந்தால் யாருக்கு என்ன பயன்? இவை எல்லாமே ஷார்ட் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன. ஷார்ட் லைன் என்று எதைச் சொல்கிறார்கள் என்று பார்க்கவே இல்லை.

நீளம் குறைவு என்பது தொடக்க காலத்துப் பொருள். நியூயார்க் மாநிலத்தில் ஜெனசி அண்ட் வயோமிங் என்ற கம்பெனி 1899-இல் தொடங்கியபோது அதனிடம் இருந்தது 14 மைல் தண்டவாளம்தான். ஓர் உப்புச் சுரங்கத்தின் சரக்கை வெளியே கொண்டுவந்து பெரிய ரயில்வேயிடம் ஒப்படைப்பது அதன் வேலை. இன்றைய அமெரிக்க நடைமுறையில் ரயில்வே கம்பெனிகளை வகை பிரிப்பது ஆண்டு வருமானத்தை வைத்து. மூன்றாம் வகையில், அதாவது கடைசிப் படியில் வருபவற்றைத்தான் பொதுவாக ஷார்ட் லைன் என்கிறார்கள். அப்படி ஏறத்தாழ 600 இருக்கின்றன. 1980-இல் வந்த ஸ்டாகர்ஸ் சட்டம் கட்டுப்பாடுகளைத் தளர்த்திய பிறகு, பெரிய கம்பெனிகள் தங்களுக்குக் கட்டுப்படியாகாத பாதைகளை இவர்களிடம் விற்கத் தொடங்கின.

செயின்ட் லாரன்ஸ் பாதையும் அப்படிக் கை மாறியதுதான். கட்டி முடித்த 1853-லேயே கிராண்ட் டிரங்க் ரயில்வே அதைக் குத்தகைக்கு எடுத்தது. 1923-இல் கிராண்ட் டிரங்க், அரசின் கனடியன் நேஷனலோடு சேர்ந்தது. அரசுக்குச் சொந்த நாட்டிலேயே ஹாலிஃபாக்ஸ் போன்ற குளிர்காலத் துறைமுகங்கள் இருந்ததால் போர்ட்லாந்தின் முக்கியத்துவம் தேய்ந்தது. 1989-இல் அமெரிக்கப் பகுதியையும் 1998-இல் கனடாவின் கியூபெக் பகுதியையும் எமன்ஸ் என்ற நிறுவனம் வாங்கியது. 2002-இல் எமன்ஸை ஜெனசி அண்ட் வயோமிங் வாங்கிவிட்டது. மெய்னில் தொடங்கி, நியூ ஹாம்ப்ஷயரின் கோரம், பெர்லின் வழியாக ஐலண்ட் பாண்ட் வந்து, நார்ட்டனில் எல்லையைக் கடந்து, ஷெர்புரூக், ரிச்மண்ட் தாண்டி சான்ட் ரோசலி வரை போகும் இந்தப் பாதையின் நீளம் ஏறத்தாழ 420 கிலோமீட்டர். இதையா 'குறுந்தடம்' என்பது?

'கிளைப்பாதை' என்பதும் சரிப்படாது. கிளைப்பாதை என்றால் ஒரே கம்பெனியின் முதன்மைப் பாதையிலிருந்து பிரிவது. ஷார்ட் லைன் தனிக் கம்பெனி, தன் எஞ்சின், தன் ஆட்கள், தன் கணக்கு.

என் பரிந்துரை இதுதான்: கம்பெனியைச் சொல்லும்போது 'சிறு ரயில்வே நிறுவனம்', பாதையைச் சொல்லும்போது 'சிறு நிறுவனத் தடம்'. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் என்று முதலீட்டையும் விற்றுமுதலையும் வைத்துப் பிரிக்கும் வழக்கம் தமிழில் நன்றாக ஊன்றிவிட்டது. ஷார்ட் லைனும் வருமானத்தை வைத்துச் செய்யும் பிரிவுதானே. 'சிறு ரயில்' என்று மட்டும் வெட்டிவிடக் கூடாது, பூங்காவில் குழந்தைகளை ஏற்றிச் சுற்றும் வண்டி ஆகிவிடும். ஜெனசி அண்ட் வயோமிங் இப்போது நூற்றுக்கும் மேற்பட்ட ரயில்வேக்களை வைத்திருக்கிறதே, அது சிறு நிறுவனமா என்று கேட்கலாம். உரிமையாளர் பெரியவர்தான். ஆனால் அவர் கையில் இருக்கும் ஒவ்வொரு ரயில்வேயும் தனித்தனி நிறுவனமாகவே நடக்கிறது.

அடுத்து, 'எல்லை தாண்டிய'. எல்லை தாண்டி மீன் பிடித்தார்கள், எல்லை தாண்டிய பயங்கரவாதம் என்று செய்திகளில் படித்துப் படித்து அந்தத் தொடரில் அத்துமீறல் ஏறிவிட்டது. 'எல்லை கடந்த' என்றால் அன்பு, கருணை என்று அளவில்லாதது ஆகிவிடும். இந்த ரயிலோ இரண்டு நாட்டின் ஒப்புதலோடு, இரண்டு நாட்டுச் சட்டப்படி ஓடுகிறது. தொடக்கத்தில் இருந்ததுபோலவே இன்றும் அமெரிக்கப் பக்கத்துக்கு ஒரு நிறுவனம், கியூபெக் பக்கத்துக்குப் பிரெஞ்சுப் பெயரோடு இன்னொரு நிறுவனம். 'இருநாட்டுத் தடம்' என்றால் போதும். இதற்குப் புதிதாக எதையும் ஆக்க வேண்டியதே இல்லை, கையிலேயே இருக்கிற சொல்.

இவ்வளவு சொன்ன பிறகு இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. அந்த வருமான வகைப்பாட்டில் மேல்படியில் இருப்பவை கிளாஸ் ஒன் ரயில்வேக்கள். அதையும் 'முதல் வகுப்பு ரயில்கள்' என்று எழுதிவிடுகிறார்கள். அப்புறம், 'முதல் வகுப்பு ரயில்கள் நிலக்கரி ஏற்றிச் செல்கின்றன' என்று ஒரு வாக்கியம் அச்சில் வருகிறது. முதல் வகுப்பு என்றால் மெத்தை போட்ட பெட்டி என்று பல தலைமுறையாகப் புழங்கும் மொழி இது. 'முதல் நிலை ரயில்வே நிறுவனங்கள்' என்று எழுத என்ன தடை? மொழிபெயர்ப்பவர், தான் எழுதியதை ஒருமுறை தமிழாக மட்டும் வாய்விட்டுப் படித்துப் பார்த்திருந்தால் போதும், மெத்தைப் பெட்டியில் நிலக்கரி ஏறியிருக்காது.